பெயர் போடாத குடை

வெள்ளவத்தை
12.02.2024

அன்புத் தம்பி குமாருக்கு,

என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாரும் எல்லாமும் சுகம். லிஃப்ட் மறுபடியும் பழுது. மூன்று மாடி ஏறி இறங்கிக் கால் கோபித்துக்கொண்டிருக்கிறது. உன் இருமல் நின்றதா? மருந்து குடிக்க மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

பக்கத்து வீட்டு றஸ்மியா போன கிழமையும் சிரித்தாள். "கொட்டாஞ்சேனைக்குப் போய்வர ரெண்டு பஸ். அதுக்குப் போய் கடிதம் எழுதுறீங்களே அக்கா!" என்றாள். ரெலிபோனில் தம்பிக்கு வாய் திக்கும், சின்ன வயதில் ஒரே வீட்டுக்குள்ளேயே துண்டுக் கடதாசி எழுதி வளர்ந்தவர்கள் நாங்கள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. எனக்குத்தான் ஏன் சொன்னேன் என்று இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு படம் வாங்கியிருக்கிறேன். கண் டொக்டரிடம் போய்விட்டு கிரீன் பாத் வீதி மரநிழலில் நடந்து வந்தேன். நடைபாதையில் சித்திரம் விற்கிறார்கள் அல்லவா, யானையும் பெரஹரா ஊர்வலமும் தென்னைமரமுமாக? அதற்கு நடுவில் ஒரு கறுப்புக் குடை. மழையில் நனைந்து வந்த குடையை விறாந்தையில் விரித்துக் காயவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு கம்பி வளைந்திருக்கிறது. தண்ணீர் வடிந்து சிவப்புச் சீமெந்துத் தரையில் ஒரு கோடாகப் போகிறது. நிஜமாக யாராவது அப்படிக் குடையை விரித்து வைத்திருந்தால் காலால் தள்ளிவிட்டுத் திட்டிக்கொண்டு போயிருப்பேன். படத்தில் இருந்ததால் கால் மணித்தியாலம் நின்றேன். முழங்கால் நொந்ததும் தெரியவில்லை. பேரம்கூடப் பேசவில்லை. இதிலிருந்து என் நிலைமையை விளங்கிக்கொள்.

யார் கீறியது என்று கேட்டேன். விற்கிறவர் பெயர் ஸ்ரான்லி. "கீறின ஆள் பேர் போட விருப்பமில்லையாம் மேடம்" என்றார்.

உன் அத்தான் இருந்த காலத்தில் எங்கள் சுவரில் கலண்டரைத் தவிர ஒன்றும் தொங்கியதில்லை. இப்போது காலையில் தேத்தண்ணீரோடு குடைக்கு முன்னால் உட்காருகிறேன். சந்தோஷமாக இருக்கிறது. ஏன் என்றுதான் தெரியவில்லை. சாப்பிட முடியாது, உடுக்க முடியாது, மழைக்குப் பிடிக்கவும் முடியாது. நீ நிறைய வாசிக்கிறவன், காரணம் தெரிந்தால் எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
அருந்ததி


கொட்டாஞ்சேனை
21.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது, வயது மட்டும் நிற்கிறது. உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறீர்களா? லிஃப்ட் திருத்தும்வரை கீழே இறங்காமல் இருப்பது நல்லது.

படம் வாங்கியதாக எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். காரணம் எனக்கும் தெரியாது. சில கேள்விகள் மட்டும் கேட்கிறேன். எந்தச் சுவரில் தொங்கவிட்டீர்கள்? கடல் பக்க யன்னல் வெளிச்சம் நேரே படுகிறதா? முதலில் கண் எங்கே போகிறது, குடைக்கா, தண்ணீர்க் கோட்டுக்கா? தரை மிகவும் சிவப்பாக இருக்கிறதா? பத்து நாள் பார்த்த பிறகும் முதல் நாள் மாதிரி இருக்கிறதா, குறைந்துவிட்டதா?

ஒரு ஆர்வத்தில்தான் கேட்கிறேன். துறைமுகக் கந்தோரில் முப்பத்தைந்து வருஷம் படிவம் நிரப்பியவனுக்கு வேறென்ன வேலை.

அன்புத் தம்பி,
சந்திரகுமார்


(இந்தக் கடிதம் தபாலில் சேர்க்கப்படவில்லை)

கொட்டாஞ்சேனை
22.02.2024

அக்கா,

நேற்றுப் போட்ட கடிதத்தில் எழுதாததை இதில் எழுதுகிறேன். இதை அனுப்ப மாட்டேன், அதனால் சுகம் விசாரிக்கவில்லை.

குடையைக் கீறியது நான்தான். ஓய்வு பெற்ற நாளிலிருந்து கீறுகிறேன். யாருக்கும் தெரியாது, ஸ்ரான்லியைத் தவிர. அவன் இந்தத் தெரு முனையில் படத்துக்குச் சட்டம் போடுகிறவன். ஞாயிறும் சனியும் கிரீன் பாத்தில் கடை போடுவான்.

நான் ஒரு வசனத்தைத் திக்காமல் முடித்தால் எல்லார் முகத்திலும் சந்தோஷம் வரும், உங்களுக்குத் தெரியும். சபாஷ் என்று சொல்லாததுதான் குறை. என்ன வசனம் என்று யாரும் கேட்டதில்லை. அறுபது வருஷம் அந்தச் சந்தோஷத்தை வாங்கி வாங்கி எனக்கு அலுத்துவிட்டது. நான் செய்த ஒன்றை, நான் என்று தெரியாத ஒருவர், தயவு தாட்சண்யம் இல்லாமல் விரும்ப வேண்டும். ஒரே ஒரு ஆள் போதும். இந்த வருஷத்துக்குள் அப்படி ஒருவர் கிடைத்தால் படத்தில் பெயர் போடுவேன், இல்லாவிட்டால் தூரிகையை வைத்துவிடுவேன் என்று ஸ்ரான்லியிடம் சொல்லியிருந்தேன்.

"மாஸ்டர், குடை போச்சு! ஒரு அம்மா, பேரமே பேசேல்ல, நிண்டு நிண்டு பாத்தா!" என்று அவன் ஓடிவந்தான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு உங்கள் கடிதம் வந்தது.

இத்தனை லட்சம் பேர் உள்ள கொழும்பில் நீங்களா வாங்க வேண்டும், அக்கா? இது கணக்கில் சேருமா சேராதா என்று எனக்கே தெரியவில்லை. உங்களுக்குத் தெரியாத வரைக்கும் சேரும் என்று வைத்திருக்கிறேன். அதனால்தான் சொல்லவில்லை.

குமார்


வெள்ளவத்தை
10.03.2024

அன்புத் தம்பி குமாருக்கு,

லிஃப்ட் திருத்திவிட்டார்கள், ஆகவே முழங்காலும் சமாதானம். உனக்கு இந்த வெயில் ஒத்துக்கொள்கிறதா? கதவைத் திறந்து வைத்துப் படு.

இவ்வளவு கேள்வி கேட்டிருக்கிறாய், நீயே வந்து பார்த்தால் என்ன? சரி, பதில். கண் முதலில் தண்ணீர்க் கோட்டுக்குத்தான் போகிறது, அதன் வழியே குடைக்கு வருகிறது. சந்தோஷம் குறையவில்லை, கூடியிருக்கிறது. கறுப்பு என்று நினைத்தது கறுப்பே இல்லை, உள்ளுக்குள் பச்சையும் கத்தரிப்பூ நிறமும் இருக்கிறது என்று போன செவ்வாய்தான் கண்டுபிடித்தேன்.

இப்போது கேள். பிஸ்கட் தொழிற்சாலையின் தரப் பரிசோதனை அறையில் நான் முப்பத்தொரு வருஷம் இருந்தவள். சுவை பார்க்க வருகிறவர்களுக்குப் பெயரைக் காட்டாமல் தட்டில் இலக்கம் போட்டுத்தான் கொடுப்போம். பக்கெற்றைக் காட்டினால் பிஸ்கட்டைத் தின்ன மாட்டார்கள், பக்கெற்றைத்தான் தின்பார்கள். படத்துக்கும் அப்படியா என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு. வருகிற ஆட்களுக்கு ஆளுக்கொரு பக்கெற்றைக் காட்டினேன்.

மேல்மாடி சிவபாதசுந்தரம் மாஸ்டரிடம், பாரிஸில் இருக்கிற பெரிய ஓவியர் கீறியது என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "இது இடம்பெயர்ந்த சனத்தின்ர வலி, பிள்ளை. அந்த வளைஞ்ச கம்பியைப் பார், அது நாங்கள்தான்" என்றார்.

றஸ்மியாவிடம், சிறையில் இருக்கிற ஒருவர் கீறியது என்றேன். "யா அல்லாஹ், வெளிய போக ஏலாதவருக்குத்தானே குடை மேல இவ்வளவு ஆசை வரும்" என்று கண்ணைத் துடைத்துவிட்டு, போகும்போது அவருக்கென்று வட்டிலப்பம் தந்தாள். அதை நானே தின்றேன், பாவம்தான்.

கீழ்மாடி மிதுஷனிடம், கம்பியூட்டர் செய்தது என்றேன். கம்பியூட்டர் கம்பனியில் வேலை செய்கிற பெடியன். "அதான் அன்ரி, ஃபீலிங் ஒண்டும் இல்ல. தண்ணி போற விதமே பிழை" என்றான்.

ஒரே குடை! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் றஸ்மியா அழுதது பொய் இல்லை, தம்பி. அதுதான் எனக்கு விளங்காதது. பொய்ப் பக்கெற்றுக்கு உண்மைக் கண்ணீர் எப்படி வருகிறது?

பதில் போடு. பழம் சாப்பிடு.

அக்கா அருந்ததி


கொட்டாஞ்சேனை
28.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வெயிலுக்குப் பழகிவிட்டேன், கதவும் திறந்தே இருக்கிறது. உங்கள் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். சிறைக்காரருக்கு வந்த வட்டிலப்பத்தில் எனக்கும் ஒரு துண்டு வைத்திருக்கலாம்.

மிதுஷன் சொன்னது சரியாக இருக்கலாம். தண்ணீர் அந்த இடத்தில் அப்படித் திரும்பாது, தரை வாட்டம் மறுபக்கம். சரியாகப் பார்த்திருக்கிறான், காரணத்தைத்தான் பிழையாகச் சொல்லியிருக்கிறான்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பாரிஸ், சிறை, கம்பியூட்டர், மூன்றும் பெரிய பக்கெற்றுகள். சாதாரண ஆள் ஒருவர் கீறியது, நமக்குத் தெரிந்த யாரோ, ஓய்வு நேரத்தில் கீறுகிறவர் என்று சொன்னால் என்ன ஆகும்? பரிசோதனை என்றால் அதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

உங்களுக்கு எப்படி இருக்கிறது? நீங்கள் எந்தப் பக்கெற்றும் இல்லாமல் வாங்கியவர். அதனால் உங்கள் சொல்தான் எனக்கு முக்கியம்.

அன்புத் தம்பி,
சந்திரகுமார்


வெள்ளவத்தை
20.04.2024

அன்புத் தம்பி குமாருக்கு,

வருஷப்பிறப்புக்கு நீ வரவில்லை. காய்ச்சல் என்று துண்டு அனுப்பினாய், இப்போது எப்படி? கொத்தமல்லி அவித்துக் குடித்தாயா? நான் நலமாக இருக்கிறேன், பலகாரம் தின்று ஒரு கிலோ கூடிவிட்டேன்.

நீ சொன்ன பரிசோதனையை வருஷத்துக்கு வந்தவர்களிடம் செய்தேன். தெஹிவளையிலிருந்து சின்னம்மாவின் மகள் ஹம்சிகா, அவள் மாமியார், புருஷன், எல்லாரும் வந்திருந்தார்கள். சாதாரண ஆள், தெரிந்த ஆள் வேண்டும் என்றாயே, யாரைச் சொல்வது? உன் பெயரையே சொன்னேன்! "எங்கட குமார் கீறினது" என்று ஒரு போடு போட்டேன். உனக்குக் கோபமில்லையே?

முடிவைக் கேள். ஒருவரும் இரண்டு செக்கனுக்கு மேல் பார்க்கவில்லை. ஹம்சிகா, "ஓ, குமாரண்ணையா? பாவம், தனிய இருக்கிறவர்தானே, பொழுது போகட்டும்" என்றாள். மாமியார், "நல்லாத்தான் இருக்கு, குடை மாதிரியே இருக்கு" என்றார். புருஷன் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, "கெட்டிக்காரன்" என்று சொல்லிப் பயற்றம் பணியாரத்தை எடுத்தார். எல்லாரும் நல்லதைத்தான் சொன்னார்கள், ஆனால் ஒருவரும் படத்தைப் பார்க்கவில்லை. பாரிஸ் ஓவியரின் வளைந்த கம்பி இடம்பெயர்ந்த சனம், உன் கம்பி வெறும் கம்பி!

நான் சிரித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது. நீயும் சிரிப்பாய் என்று உடனே எழுதுகிறேன்.

அக்கா அருந்ததி


வெள்ளவத்தை
03.06.2024

தம்பி,

ஆறு கிழமையாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. முதலில் தபாலில் பிழை என்று நினைத்தேன். பிறகு உனக்குத்தான் ஏதோ சுகமில்லை என்று நினைத்து உன் அடுத்த வீட்டு வெள்ளையம்மாவின் நம்பருக்கு ரெலிபோன் எடுத்தேன். "ஐயா நல்லா இருக்காரு, காலையில கூடப் பாத்தேன்" என்றாள்.

நல்லாயிருக்கிறவன் ஏன் எழுதவில்லை? என் கடிதத்தில் ஏதாவது பிழையா? பிழை என்றால் பிழை என்று எழுது. எழுதாமல் இருப்பது மட்டும் வேண்டாம். என் சுகம் இதுதான்.

அக்கா


வெள்ளவத்தை
08.07.2024

அன்புத் தம்பி குமாருக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் போன மாதக் கடைசியில் உன் வீட்டுக்கு வந்து போனேன். நீ கடைக்குப் போயிருந்தாய்.

நீ அந்த மேல்மாடி அறைக்கு மாறி மூன்று வருஷம். முழங்காலைச் சாட்டி ஒரு தரமும் நான் வந்ததில்லை. அன்று படி ஏறி முடித்ததும் உன் விறாந்தையைப் பார்த்தேன். சிவப்புச் சீமெந்துத் தரை. சுவரோரம் அதே வெடிப்பு. காலையில் தேத்தண்ணீரோடு நான் பார்க்கிற அதே மூலை. குடையும் இருந்தது, சுருட்டிக் கதவில் தொங்கியது, ஒரு கம்பி வளைந்து. வெள்ளையம்மா எட்டிப் பார்த்து, "ஐயா படம் வரையிறாரே, ஒங்களுக்குத் தெரியாதாம்மா? அந்தக் கொடைய ஒரு மாசம் தொடவே விடல, நாங்க சுத்திச் சுத்தித்தான் போனோம்" என்றாள்.

நான் உனக்காகக் காத்திருக்கவில்லை. இறங்கி வந்து பஸ்ஸில் அழுதேன். சித்திரைக் கடிதத்தை நினைத்துத்தான் அழுதேன். எவ்வளவு சிரித்து எழுதினேன்! பாவம், கெட்டிக்காரன், குடை மாதிரியே இருக்கு, எல்லாவற்றையும் சொல்லுக்குச் சொல் எழுதி உனக்கே அனுப்பினேன். என்னை மன்னி என்று கேட்கிறேன். கேட்டுவிட்டேன், இனி மற்றதற்கு வருகிறேன்.

ஏன் மறைத்தாய் என்று கேட்க மாட்டேன், விளங்குகிறது. நீ கதைக்கத் தொடங்கினால் என் முகத்திலும் மற்றவர்கள் முகத்தில் வருகிற அந்தத் தயவுச் சிரிப்பு வரும் என்று எனக்குத் தெரியும். நிறுத்தப் பார்த்தும் நிற்காது. ஆகவே இதில் உனக்குத் தயவு பார்க்காமல் எழுதுகிறேன். தெரிந்த நாளிலிருந்து அந்தப் படம் எனக்குப் பழுதாகிவிட்டது.

குடை போய்விட்டது, தம்பி. அந்த இடத்தில் நீ நிற்கிறாய். ஏன் கம்பியைத் திருத்தாமல் வைத்திருக்கிறான், விறாந்தையில் வெளிச்சம் போதுமா, தனியாக ஒரு மாதம் இந்தக் குடைக்கு முன்னால் இருந்தானா, இதெல்லாம்தான் ஓடுகிறது. கவலைப்படுகிறேன், பெருமைப்படுகிறேன், ஆனால் பார்க்க முடியவில்லை. எனக்கு நானே பக்கெற்றைக் காட்டிவிட்ட மாதிரி.

பத்து நாள் யோசித்ததில் ஒன்று கண்டுபிடித்தேன். பக்கெற் இல்லாமல் வாங்கினேன் என்று நினைத்தது பிழை. எனக்கே தெரியாமல் ஒரு ஆளை உண்டாக்கியிருக்கிறேன். பெயர் இல்லை, முகம் இல்லை. அவசரமில்லாத ஒரு ஆள். எல்லாரும் தள்ளிவிட்டுப் போகிற ஒரு நனைந்த குடைக்கு இவ்வளவு நேரம் கொடுத்த ஆள். அப்படி ஒருவர் இந்த ஊரில் இருக்கிறார் என்பதுதான் என் காலைச் சந்தோஷம். இப்போது அந்த ஆளும் நீயும் ஒரே ஆள் என்று மூளைக்குத் தெரிகிறது, கண்ணுக்கு இன்னும் தெரியவில்லை. கொஞ்ச நாள் கொடு.

எழுது. திட்டியாவது எழுது.

அக்கா அருந்ததி


கொட்டாஞ்சேனை
24.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். அவ்வளவு படி ஏறி வந்த உங்கள் முழங்காலுக்கு என் வணக்கம்.

உங்களில் கோபமில்லை. பரிசோதனையைக் கேட்டது நான்தான். ஹம்சிகாவின் "பாவம்" மட்டும் சில நாள் தொண்டையில் நின்றது, இப்போது போய்விட்டது. படம் பழுதாகிவிட்டது என்று எழுதினீர்களே, அதை வாசித்ததும் அழுதேன், பிறகு ஆறுதலாகவும் இருந்தது. என் வாழ்க்கையில் முகத்துக்கு நேரே எனக்கு இப்படி யாரும் சொன்னதில்லை.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அன்று கிரீன் பாத்தில் நீங்கள் நின்றது படத்துக்காகத்தானா? ஒரே வீட்டில் வளர்ந்தோம், ஒரே மாதிரி ஓரமாக உட்கார்ந்து ஒரே மாதிரிப் பார்த்தோம். என் பார்வையில் ஏதோ ஒன்றை உங்களுக்கே தெரியாமல் அடையாளம் கண்டிருப்பீர்கள். ரத்தம் இழுத்திருக்கும். அப்படியென்றால் அதுவும் தயவுதான், தெரியாமல் வந்த தயவு. நூறு படத்துக்கு நடுவில் தம்பியின் படத்தில் அக்கா நிற்பது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

நான் என்று தெரியாமல் என் படத்தை விரும்புகிற ஒரு ஆள் இந்த வருஷத்துக்குள் கிடைத்தால் படத்தில் பெயர் போடுவேன், இல்லாவிட்டால் நிறுத்திவிடுவேன் என்று ஸ்ரான்லியிடம் சொல்லியிருந்தேன். ஆகவே கணக்கில் ஒருவரும் இல்லை என்றுதான் முடிவு செய்திருக்கிறேன். ஒரு படம் பாதியில் இருக்கிறது, அதை முடித்துவிட்டு சாமான்களை ஸ்ரான்லியிடம் கொடுத்துவிடுவேன். கவலைப்பட வேண்டாம்.

அன்புத் தம்பி,
சந்திரகுமார்


வெள்ளவத்தை
12.08.2024

அன்புத் தம்பிக்கு,

என் சுகத்தைப் பிறகு எழுதுகிறேன், முதலில் உன்னைத் திட்ட வேண்டும். ரத்தம் இழுத்ததாம்! முப்பத்தொரு வருஷம் பரிசோதனை அறையில் இருந்தவளிடம் பரிசோதிக்காத ஒன்றை எழுதுகிறாயே. சந்தேகம் என்றால் தட்டில் இலக்கம் போட்டுப் பார்ப்பதுதான் முறை.

பாதிப் படத்தை முடி. என்ன படம் என்று எனக்குச் சொல்லாதே. செப்டெம்பர் 8ஆம் திகதி ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் ஸ்ரான்லியின் கடைக்கு வருவேன். அவர் உன்னுடையதை மற்ற ஆட்களின் படங்களோடு கலந்து தொங்கவிடட்டும். எதிலும் பெயர் இருக்கக் கூடாது. நீ என் கண்ணில் படாமல் எங்கேயாவது நில். நான் எதில் நிற்கிறேனோ அதில் நிற்பேன். ரத்தம் இழுக்கிறதா என்று பார்ப்போம்.

நான் சுகம். நேற்றுக் காலை ஒரு இரண்டு நிமிஷம் நீ விலகி நின்றாய், குடை திரும்பி வந்தது.

அக்கா அருந்ததி


வெள்ளவத்தை
08.09.2024, பின்னேரம்

அன்புத் தம்பி குமாருக்கு,

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் எழுதுகிறேன். காலும் மனமும் பூரண சுகம்.

கண்டுபிடித்துவிட்டேன்! பதினான்கு படம் இருந்தது, எண்ணினேன். சோற்றுப் பானை மூடி. திறந்து சாய்த்து வைத்த மூடியின் உட்பக்கத்தில் ஆவி துளித்துளியாக நிற்கிறது, ஒரு துளி விழப் போகிறது. அதற்கு முன்னால் போனதும் கால் நின்றுவிட்டது. ஈரமான சாமானை உன்னைப் போல் யாரால் இவ்வளவு பொறுமையாகப் பார்க்க முடியும்? ஸ்ரான்லி முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, கெட்டிக்காரன். வாங்கி வந்து குடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே கை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ரத்தம் இழுக்கும் என்று நீ சொன்னது சரிதான் போலிருக்கிறது. அதற்காகத் தூரிகையை வைக்க வேண்டுமா? ரத்தமும் சேர்ந்து பார்க்கட்டுமே, என்ன குடிமுழுகிவிட்டது?

எங்கே ஒளிந்திருந்தாய்? சாப்பிட்டாயா?

அக்கா அருந்ததி


கொட்டாஞ்சேனை
10.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு இன்று இருக்கிற சுகம் பல வருஷமாக இருந்ததில்லை. நீங்களும் அப்படியே இருக்க வேண்டும், இதை வாசித்த பிறகும்.

மூடி என்னுடையது இல்லை.

அதைக் கீறியது வத்தளையில் இருக்கிற தனுஷியா என்ற பிள்ளை. தாதியாக வேலை செய்கிறாளாம். நான் அவளைக் கண்டதில்லை. என் படம் மூடிக்கு இடது பக்கத்தில் இரண்டாவதாகத் தொங்கியது. மீன் சந்தையில் ஒரு ஐஸ் பெட்டி. நீங்கள் அதற்கு முன்னால் வந்தீர்கள், ஒரு தரம் பார்த்தீர்கள், கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினீர்கள், அடுத்ததற்குப் போனீர்கள். நான் எதிர்ப்பக்கம் நின்ற வானுக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் நெஞ்சு எரிந்தது, மறைக்கவில்லை. ஐந்து மாதம் கீறிய படம். பிறகு நீங்கள் மூடிக்கு முன்னால் நின்றதைப் பார்த்தேன். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உங்கள் முகத்தில் யாரிடமும் காட்டுவதற்கென்று ஒன்றும் இருக்கவில்லை. அறுபது வருஷத்தில் அந்த முகத்தை நான் கண்டதில்லை. என் பக்கம் திரும்பும்போது எப்போதும் மற்ற முகம்தானே வரும். பெப்ரவரியில் குடைக்கு முன்னாலும் இந்த முகத்தோடுதான் நின்றிருப்பீர்கள்.

நீங்கள் போன பிறகு வானுக்குப் பின்னாலிருந்து வந்து சிரிக்கத் தொடங்கினேன். ஸ்ரான்லி பயந்துவிட்டான். "என்ன மாஸ்டர், உங்கட படத்தைத் தாண்டிப் போறா, நீங்கள் சிரிக்கிறீங்கள்!" என்றான். "அதுதான் ஸ்ரான்லி, தா-தா-தாண்டிப் போறா!" என்றேன். அவன் நான் சொன்னதைக் கேட்டான், முடித்ததற்காகச் சிரிக்கவில்லை.

விளங்குகிறதா, அக்கா? ரத்தம் ஒன்றையும் இழுக்கவில்லை. தம்பியின் படம் இரண்டடி தூரத்தில் தொங்க, யாரோ ஒரு பிள்ளையின் மூடிக்கு முன்னால் போய் நின்றீர்கள். ஐஸ் பெட்டியைத் தாண்டிப் போகக் கூடிய ஒருவர்தான் அன்று குடைக்கு முன்னால் கால் மணித்தியாலம் நின்றார். நான் தேடிய ஆள் கிடைத்துவிட்டார்.

ஐஸ் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து பார்த்தேன். நீங்கள் செய்தது சரி. பெட்டியைப் பார்க்காமல், எப்படியாவது உங்களை நிறுத்த வேண்டும் என்று கீறியிருக்கிறேன். வேறு கீறுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். குடையைச் சுவரிலிருந்து இறக்கி வையுங்கள். சின்னத் தூரிகை கொண்டுவருகிறேன். இடது பக்கக் கீழ் மூலையில், தண்ணீர் முடிகிற இடத்தில், பெயர் எழுத வேண்டும்.

தம்பி,
சந்திரகுமார்